ஒன்றரை அங்குலம்

அன்புள்ள சரோஜா,

நேற்று சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்திருந்தார். அச்சாகி வந்த கல்யாணப் பத்திரிகையைக் காட்டிவிட்டுப் போக வந்தவர், காபியைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்ததும், "மாமா, ஒரு சந்தேகம் கேக்கலாமா?" என்றார். கேளுங்கள் என்றேன். "ஸ்ரீரங்கம் வாசகசாலையில சரோஜா வரைஞ்ச செவுர போன மாசம் போய்ப் பாத்தேன். அந்தச் செகப்பு வட்டத்துக்குள்ள ஒரு புள்ளி இருக்கே, நடுவுலயும் இல்லாம கொஞ்சம் எடது பக்கமாத் தள்ளி, அது எதுக்கு? அவங்களுக்கு லெட்டர் போட்டுக் கேட்டா, எங்கப்பாவக் கேளுங்கன்னு ஒரே வரியில எழுதிட்டாங்க." துவாக்குடியில் புதிதாக வந்திருக்கும் காலேஜில் இஞ்சினீயரிங் பாடம் நடத்துகிறவர் அல்லவா, நடுவில் இருக்கவேண்டியது நடுவில் இல்லையென்றால் அவர் கண்ணுக்குத் தப்புமா?

நான் சொன்ன பதில் என்ன தெரியுமா? "இன்னொரு காபி சாப்பிடுங்க மாப்பிள்ளை" என்றேன். பாவம், வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் அதையும் குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினார். அவர் போனதும் உன் அம்மா அடுக்களையிலிருந்து வந்து, "ஏங்க, நல்லாத்தானே பேசிக்கிட்டிருந்தீங்க, திடீர்னு ஏன் முகம் செத்துப்போச்சு?" என்று கேட்டாள். ராத்திரி படுத்தும் தூக்கம் வரவில்லை. அந்தப் புள்ளியைப் பற்றி ஆறு வருஷமாக நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது நீ மதராஸில் உன் படங்களையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டிருப்பாய். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் வந்து இறங்கினால் வீடு முழுக்க ஜனமாக இருக்கும், பேச நேரம் இருக்காது. அதனால் எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன். படித்து முடித்ததும் இதை அப்படியே மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடு. அவருக்குச் சேரவேண்டிய பதிலும் இதில்தான் இருக்கிறது.

முதலில் என் தொழிலைப் பற்றி அவருக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும். பொன்மலையில் ரயில் பட்டறையில் நான் மார்க்கர். வார்ப்பில் ஊற்றிய இரும்போ, தகடோ எங்கள் மேசைக்கு வந்தால் அதன்மேல் சுண்ணாம்பு பூசிக் காயவைத்து, வரைபடத்தைப் பார்த்து, எங்கே வெட்டுவது, எங்கே துளை போடுவது என்று ஊசியால் கீறிக் கொடுப்போம். சுண்ணாம்பு அழிந்துபோனாலும் இடம் தெரியவேண்டும் என்பதற்காக, நடுவில் பஞ்ச் என்கிற கூர்முனை உளியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிக் குழி விழவைப்போம். குழியைச் சுற்றி வட்டம் போட்டிருந்தால் அங்கே துளை. பெருக்கல் குறி போட்டிருந்தால் அந்த இரும்பு தள்ளுபடி. ஒரு முக்கோணம் என்றால் சுமாராக இழைத்தால் போதும், மூன்று முக்கோணம் என்றால் முகம் தெரிகிற மாதிரி இழைக்கவேண்டும். ஒரு குறிக்கு ஒரே ஒரு அர்த்தம். நான் கீறின கோட்டை நம்பித்தான் பின்னால் நாற்பது பேர் வேலை செய்வார்கள். கோடு ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு தப்பினாலும், வேலை திரும்பி என் மேசைக்கே வந்துவிடும். இருபத்தெட்டு வருஷத்தில் அப்படி ஒன்றுகூட எனக்குத் திரும்பி வந்ததில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன், அடக்கமெல்லாம் எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும்.

இந்தப் பெருமையை நான் பட்டறை வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கவேண்டும். வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்தேன், அதுதான் கோளாறு. உனக்கு ஆறு வயசு இருக்கும்போது என் சட்டைப் பையிலிருந்து சாக்குக்கட்டியை எடுத்து, குவார்ட்டர்ஸ் வீட்டுச் சிவப்பு சிமெண்டுத் தரையில் ஒரு வட்டம் போட்டாய். உட்கார்ந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்து போட்டதால் அது முட்டையா, பூசணிக்காயா என்று தெரியாமல் இருந்தது. நான் என்ன செய்தேன்? ஈரத்துணியால் அதைத் துடைத்துவிட்டு, என் டிபன் டப்பா மூடியை வைத்து ஒரு வட்டம் போட்டுக் காட்டினேன். "இதான் வட்டம், பாத்துக்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்தால் மூடி வட்டத்தைக் காணோம், பூசணிக்காய் திரும்ப வந்திருந்தது. மறுபடி துடைத்தேன். மறுபடி வந்தது. மூன்று நாள் இப்படியே நடந்தது. நாலாம் நாள் உன் அம்மா மூடியையும் சாக்குக்கட்டியையும் சேர்த்துப் பரண்மேல் வீசிவிட்டாள். அதோடு சண்டை முடிந்தது என்று நினைத்தேன். எனக்குத்தான் முடிந்தது போலிருக்கிறது, நீ அதைப் பதினாறு வருஷம் மனசில் வைத்திருந்து ஸ்ரீரங்கத்தில் முடித்தாய்.

மதராஸில் ஓவியப் பள்ளிக்கூடத்தில் படித்து முடித்து நீ முதல் தடவையாகப் பெரிய படம் ஒன்றைச் சாக்கில் சுற்றிக்கொண்டு ரயிலில் வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? அதை அவிழ்த்துச் சுவரில் சாத்தினாய். ஒரு பெருக்கல் குறி, மூன்று முக்கோணம், அதில் ஒன்று தலைகீழாக, பக்கத்தில் கறுப்பாக ஒரு சதுரம். நான் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பாப்பா, தள்ளுபடின்னும் போட்டிருக்க, நல்லா இழைக்கணும்னும் போட்டிருக்க. ரெண்டுல எதச் செய்யறது?" என்றேன். உன் அம்மா சிரித்துவிட்டாள். நீயும் சிரித்தாய், ஆனால் கண் சிரிக்கவில்லை. "அப்பா, இதெல்லாம் என்னன்னு கேக்காதீங்க. என்ன பண்ணுதுன்னு பாருங்க" என்றாய். "முக்கோணம் என்ன பண்ணும்? அது பாட்டுக்கு இருக்கும்" என்றேன். "நுனி மேல இருந்தா ஒக்காந்திருக்கும்ப்பா. தலைகீழாப் போட்டா விழப்பாக்கும். அர்த்தம் தெரிஞ்சாதானா பயம் வரும்?" என்றாய். உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு அந்தத் தலைகீழ் முக்கோணத்தைப் பார்த்தபோது என் கை தன்னால் நீண்டது, பிடிக்கப் போவது போல. நீ பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உனக்கு எவ்வளவு தெம்பாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அதற்குப் பதிலாக நான் செய்தது, டிராயிங் ஆபீஸ் பெரிய அதிகாரியைப் பார்த்து உனக்கு ட்ரேசர் வேலைக்குச் சொல்லிவைத்ததுதான். இஞ்சினீயர் வரைந்த படத்தின்மேல் மெல்லிய துணித்தாளை விரித்து அதே கோட்டை மசியால் எடுக்கிற வேலை. "கை சுத்தம் உனக்கு, நல்லா வரும்" என்று நான் சொன்னபோது நீ எழுந்து போனாய். ஒரு வாரம் கழித்து வந்து ஒரு பேச்சு பேசினாய். ஸ்ரீரங்கத்தில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் புதிதாகக் கட்டியிருக்கும் வாசகசாலையில், வாசலுக்கு எதிர்ச் சுவரில் படம் வரைய நீயாகப் போய்க் கேட்டிருந்தாய். காரியதரிசி அய்யங்கார் ஒப்புக்கொண்டுவிட்டார். ஆனால் வரைந்து முடித்ததும் கமிட்டி வந்து பார்க்கும், பிடிக்காவிட்டால் அன்றைக்கே வெள்ளை அடித்துவிடுவார்கள். "வெள்ளை அடிச்சாங்கன்னா மறுநாளே வந்து ட்ரேசிங் டேபிள்ல உக்காந்துடறேன். நீங்க பாக்கிற மாப்பிள்ளைக்கும் கழுத்த நீட்டிடறேன். அடிக்கலன்னா இந்த ரெண்டு பேச்சும் நீங்க எடுக்கக் கூடாது. சரியாப்பா?" என்றாய். சரி என்றேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம். சாமியும் இல்லாமல் மனுஷனும் இல்லாமல் நீ போடுகிற படத்தை ஸ்ரீரங்கத்தில் யார் ஒப்புக்கொள்ளப் போகிறார்கள், பெண் வேலையில் உட்கார்ந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். இதை எழுதக் கை கூசுகிறது. உன் தோல்வியை எதிர்பார்த்துக்கொண்டே உனக்குத் தினமும் டிபன் கட்டிக்கொடுத்தேன்.

பதினைந்து நாள் நீ அங்கேயே கிடந்தாய். முதல் மூன்று நாள் பிரஷ்ஷையே தொடவில்லை. கோயிலைச் சுற்றியிருக்கிற வீதிகளில் நடந்துகொண்டே இருந்தாய், அடி எண்ணிக்கொண்டு. ஒரு நாள் நானும் கூட வந்தேன். "நாலு பக்கமும் அளந்துதானே கட்டியிருப்பான்னு நெனைக்கிறீங்க? நடந்து பாருங்கப்பா, எந்தப் பக்கமும் இன்னொரு பக்கம் மாதிரி இல்ல. ஆனா உள்ள போகப் போக யாருக்காவது கோணலாத் தெரியுதா?" என்றாய். உச்சி வெயில், எனக்குக் கால் சுட்டது, என்ன சொல்கிறாய் என்றே நான் காதில் வாங்கவில்லை. அப்புறம் சுவரில் சந்தன நிறம் பூசி, ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு கட்டங்கள் போட்டாய். இரண்டு பக்கமும் வெளிர் நீலத்தில் நீளமான இரண்டு முக்கோணம், ஆறு பிரிந்து போகிற மாதிரியும் தெரியும், இல்லாமலும் தெரியும். கடைசிக் கட்டத்துக்குள், கட்டத்தையே மீறிக்கொண்டு, காவிச் சிவப்பில் உள்ளங்கை அகலக் கோட்டில் ஒரு பெரிய வட்டம். ஏணிப் பலகைமேல் நின்று கை எட்டுகிற அளவுக்குப் போட்டது. கட்டங்கள் ஏழும் சதுரம் இல்லை, அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். அந்த வட்டத்தைத்தான் என்னால் பொறுக்கமுடியவில்லை.

கமிட்டி வருவதாகச் சொன்ன திங்கட்கிழமைக்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை, உனக்கு நல்ல காய்ச்சல். காலையிலிருந்து மழை வேறு பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. "அப்பா, வாசகசாலை ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கான்னு மட்டும் பாத்துட்டு வந்திடறீங்களா? சாரல் அடிச்சா செவுரு கெட்டுடும்" என்று சாவியைக் கையில் கொடுத்தாய். ஜன்னல்கள் சாத்தித்தான் இருந்தன. திரும்பி வந்திருக்கலாம். நான் டேப்பை எடுத்து அந்த வட்டத்தை அளந்தேன். குறுக்கே அளந்ததற்கும் மேலிருந்து கீழே அளந்ததற்கும் ஒன்றரை அங்குலம் வித்தியாசம். ஒன்றரை அங்குலம்! அடிப்பக்கம் இடது மூலையில் அமுங்கியிருந்தது. ஒரு நூல் தப்பாதவனின் மகள் நாலு பெரிய மனிதர்கள் முன்னால் இப்படி ஒரு வட்டத்தைக் காட்டுவதா என்று டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டேன். நீ தோற்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு, நீ கோணலாகத் தோற்பது மட்டும் பிடிக்கவில்லை. என் புத்தி எப்படி வேலை செய்கிறது பார்.

வீட்டுக்கு வந்து ட்ராமலை எடுத்துக்கொண்டு மறுபடி பஸ் ஏறினேன். மாப்பிள்ளைக்குத் தெரியும், நீளமான கம்பியில் இரண்டு முள் நகர்கிற பெரிய காம்பஸ் அது. பலகைமேல் ஏறி நடு இடத்தைக் கண்டுபிடித்து, பழக்க தோஷத்தில் பஞ்ச் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினேன். சுவரில் குழி விழுந்துவிட்டது. அதில் முள்ளை ஊன்றிச் சுத்தமாக ஒரு வட்டம் கீறினேன். நீ வைத்திருந்த காவி டப்பாவிலிருந்தே எடுத்து, குறைந்த இடத்தில் நிரப்பி, கூடின இடத்தில் சந்தன நிறத்தால் மூடி, நாலு மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தேன். கீழே இறங்கிப் பார்த்தபோது அந்த வட்டத்தில் ஒரு மயிரிழை பிசகு இல்லை. குழியை அடைக்க மறந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபோது நீ தூங்கிக்கொண்டிருந்தாய். உன் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, எவ்வளவு பெரிய உபகாரம் செய்திருக்கிறேன் உனக்கு என்று நினைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நாம் இரண்டு பேரும் போனோம். நீ பார்த்ததும் என்ன சொல்லப்போகிறாய் என்று உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நான் பின்னால் வந்தேன். நீ கதவைத் திறந்தாய். வாசற்படியிலேயே நின்றுவிட்டாய். அப்போதுதான் நானும், திருத்தின பிறகு முதல் தடவையாக, வாசலிலிருந்து அந்தச் சுவரை முழுசாகப் பார்த்தேன். முதல் நாள் முழுக்கப் பலகைமேல் மூக்கை ஒட்டிக்கொண்டுதானே நின்றிருந்தேன். சரோஜா, என் கண்ணுக்கே தெரிந்தது. முந்தின வாரம் உனக்குச் சாப்பாடு கொடுக்க வந்தபோதெல்லாம் அந்தக் கட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும், நாமும் அதோடு போவோம். ஏன் என்று நான் யோசித்ததில்லை. அன்றைக்கு எல்லாம் நின்றுபோயிருந்தது. என் வட்டம் பூட்டுப் போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தது. என் காலும் உள்ளே போகவில்லை. நீ கத்துவாய் என்று எதிர்பார்த்தேன். நீ அந்தக் குழியைப் பார்த்தாய். திருச்சிராப்பள்ளியில் வட்டம் போடுவதற்குச் சுவரில் பஞ்ச் அடிக்கிற ஆள் ஒருத்தன்தான் இருக்கமுடியும். திரும்பி என்னைப் பார்க்கக்கூட இல்லை. "மணி என்னப்பா?" என்று மட்டும் கேட்டாய். எட்டேகால் என்றேன். கமிட்டி பதினொரு மணிக்கு.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஈரச் சாக்கால் என் வட்டத்தைத் தேய்க்க ஆரம்பித்தாய். முதல் நாள் பூசின சுண்ணாம்புக் காவி, இன்னும் பிடிக்கவில்லை, கரைந்து ஒழுகியது. சந்தன நிறத்தைக் கலந்து பூசினாய். காய்வதற்காக விசிறி மட்டையால் விசிறிக்கொண்டே இருந்தாய். காய்ச்சல் இன்னும் உன்னை விட்டபாடில்லை. "நான் விசிறட்டுமா பாப்பா?" என்றேன். மட்டையை என்னிடம் நீட்டினாய், அவ்வளவுதான். பத்தரை மணிக்கே காரியதரிசி அய்யங்கார் குடையோடு வந்துவிட்டார், கூடவே கமிட்டியில் இருந்த பெரிய கடைவீதி ஜவுளிக்காரர். நடுவில் வெறும் சுவர் இருப்பதைப் பார்த்து, "என்ன கொழந்தே, இன்னும் பூர்த்தியாகலையா?" என்றார் அய்யங்கார். நான் அங்கே தூணோரமாக நின்றுகொண்டிருந்தேன். நான்தான் கெடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டியவன். என் வாய் திறக்கவில்லை. நீ பலகைமேலிருந்தே, "செவுத்துல கொஞ்சம் ஈரம் சார். ஒரு எடம் கெட்டுப்போச்சு. பத்து நிமிஷத்துல சரியாயிடும்" என்றாய். என் பெயரை இழுக்கவில்லை. சரோஜா, அந்த ஈரம் நான்தான். ஆறு வருஷம் கழித்து, இந்தக் காகிதத்தில், நான்தான் என்று எழுதிவிட்டேன்.

அப்புறம் நீ செய்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அகலப் பிரஷ்ஷைக் காவியில் முக்கி, சுவரோடு நெருங்கி நின்று, வலது கையை நேராக மேலே தூக்கினாய். ஒரு மூச்சு இழுத்தாய். தோளிலிருந்து கை கிளம்பியது. வலது பக்கமாக இறங்கி, கீழே வந்து, உடம்புக்குக் குறுக்கே திரும்பும்போது கொஞ்சம் அமுங்கி, இடது பக்கம் ஏறி, ஆரம்பித்த இடத்திலேயே வந்து சேர்ந்தது. எடுக்காமல், நிறுத்தாமல், ஒரே வீச்சு. அதே இடது மூலையில் அதே ஒன்றரை அங்குலம். டேப் வைக்காமலே எனக்குத் தெரிந்தது. அது பிசகு இல்லை, உன் கை திரும்புகிற இடம். உன் உயரத்துக்கும் உன் தோளுக்கும் அந்த வட்டம் அப்படித்தான் வரும், வேறு யார் போட்டாலும் வராது. வட்டத்துக்குள்ளே என் குழி தெரிந்தது, இப்போது நடுவை விட்டுத் தள்ளி. சுண்ணாம்பு வைத்து அடைக்கப்போகிறாய் என்று நினைத்தேன். நீ பிரஷ் நுனியால் அதைச் சிவப்பாக ஒரு தொடு தொட்டுவிட்டு இறங்கினாய்.

ஜவுளிக்காரருக்குப் பொறுமை இல்லை. "ஏம்மா, ஒரு சரஸ்வதி இல்ல, ஒரு தாமரை இல்ல. வெறும் கோடும் வட்டமுமா இருக்கு. இதுக்கெல்லாம் என்ன அர்த்தம்? சனங்க வந்து கேட்டா நாங்க என்ன சொல்றது?" என்றார். அய்யங்காரும், "அடியேனுக்கும் அதேதான் கொழந்தே, மனசுல ஒட்டலையே" என்றார். வெள்ளை அடிக்கிற ஆள் வாளியோடு வெளியே காத்திருந்தான், எனக்குத் தெரியும், அவர்கள் வரும்போதே பார்த்தேன். நீ அர்த்தம் சொல்லவில்லை. "ரெண்டு பேரும் ஒரு தடவ வெளிய போயிட்டு, புஸ்தகம் படிக்க வர்ற மாதிரி உள்ள வாங்க சார். நான் ஒண்ணும் பேசல" என்றாய். ஜவுளிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே போனார். இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். ஜவுளிக்காரர் நாலு எட்டு வைத்து நின்றார். அய்யங்கார் நிற்கவில்லை. தினமும் ஏழு சுற்றும் தாண்டிப் பெருமாளைச் சேவித்துப் பழகின கால். மேசைகளுக்கு நடுவே மெதுவாக, மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டே நடந்தார். சுவரில் முட்டிக்கொள்கிற தூரம் வந்துதான் விழித்துக்கொண்டார். "நான் எதுக்கு இங்க வந்து நிக்கறேன்?" என்று கேட்டார். அப்புறம் அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டார். இரண்டு கையும் குவிந்துவிட்டது. "நடுவுல வைக்காம தள்ளி வச்சிருக்கியே கொழந்தே! பெருமாள் நம்ம அளவுக்கு அடங்கமாட்டார்னு சொல்றியா?" என்று தழுதழுத்தார். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். நீ என் பக்கம் திரும்பி, அன்றைக்கு முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்து, "அது அங்கேயே இருக்கட்டும் சார்" என்றாய். ஜவுளிக்காரர் வெளியே தலையை நீட்டி, "யப்பா, வாளிய எடுத்துக்கிட்டுப் போ" என்றார். அவர் குரலிலும் ஏதோ ஒரு தழைவு இருந்தது.

மாப்பிள்ளை, புள்ளிக்குப் பதில் இதுதான். அது மாமனாரின் அசட்டுத்தனம். ஆனால் போன வாரம்கூட ஒரு அம்மாள் அதைக் காட்டித் தன் பேத்திக்கு வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், நான் குறுக்கிடவில்லை. அங்கே போய்ப் பார்க்கிற ஒவ்வொருத்தரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள், எல்லாருமே சரியாகத்தான் சொல்வதாக எனக்குப் படுகிறது. இப்படி ஒரு வாக்கியத்தை நான் எழுதுவேன் என்று பட்டறையில் யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

சரோஜா, கல்யாணம் ஆகப்போகிற பெண்ணுக்கு அப்பா புத்தி சொல்லவேண்டுமாம். என்னிடம் இருப்பது ஒன்றுதான். அவரும் அளந்து பார்க்கிற ஜாதி, உன் அப்பாவைப் போல. உன் படத்தைத் திருத்த வந்தால் கையைத் தட்டிவிடு, தயங்காதே. ஆனால் அவர் நடக்கிற விதம், சாப்பிடுகிற விதம், அவர் மனசு திரும்புகிற இடம், இதிலெல்லாம் உனக்கு ஒரு ஒன்றரை அங்குலம் இடிக்கும். அதை நீயும் திருத்தப்போகாதே. தப்பு செய்தவனை நாலு பேர் முன்னால் காட்டிக்கொடுக்காமல் இருக்க உனக்கு இருபத்திரண்டு வயசிலேயே தெரிந்திருந்தது, அதை நான் சொல்லித்தரவில்லை, எங்கே கற்றுக்கொண்டாய் என்றும் எனக்குத் தெரியவில்லை. உன் அம்மாவிடமிருந்தாக இருக்கலாம். நேற்று ராத்திரி அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இன்று காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. காபி மட்டும் வந்தது, சர்க்கரை இல்லாமல்.

உனக்குத் தெரியாத ஒன்று பாக்கி இருக்கிறது. கமிட்டி ஒப்புக்கொண்ட மறுநாள் காலை நான் டிராயிங் ஆபீஸுக்குப் போய், "எம் பொண்ணு ட்ரேசர் வேலைக்கு வரமாட்டா சார்" என்றேன். "ஏன், கல்யாணமா?" என்றார் அதிகாரி. "இல்ல சார், அவளுக்கு வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தேன். அந்தச் சனிக்கிழமை அரை நாள். எங்கள் மார்க்கிங் செக்‌ஷன் பன்னிரண்டு பேரையும் கட்டி இழுத்துக்கொண்டு, காக்கிச் சட்டையோடு பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன். வாசகசாலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் போலீஸ் என்று பயந்துவிட்டார்கள். எங்கள் ஆட்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள். செக்‌ஷனில் எனக்கு அடுத்த கை காதர், கண்ணாலேயே அரை நூல் சொல்லிவிடுகிறவன், கிட்டே போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தான். "அண்ணே, வேல பிரமாதம். ஆனா வட்டம் கீழ எடது பக்கம் ஒண்ணு, ஒண்ணரை அங்குலம் அமுங்கியிருக்கே, நீங்க கவனிக்கலையா?" என்றான். பன்னிரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "அமுங்கலடா காதரு" என்றேன், வாசகசாலை முழுக்கக் கேட்கிற மாதிரி. "அது எம் பொண்ணு கை. அளவே அதான்."

இருபத்திரண்டு வருஷமாக எது சரி என்று அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பவன் சொல்லிவிட்டான். காதர் இன்னொரு தடவை பார்த்தான், தலையை ஆட்டினான். எல்லாருடைய பையிலும் டேப் இருந்தது. ஒருத்தரும் அதை வெளியே எடுக்கவில்லை.

உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்,
அப்பா